பெயரோடு வந்து சேரட்டும்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போர் தொடங்கியதிலிருந்து உக்ரைன் எழுத்தாளர்கள் நாடு நாடாகப் போய்த் தங்கள் கதைகளையும் கவிதைகளையும் வாசிக்கிறார்கள், பாடகர்கள் பாடுகிறார்கள், ஓவியங்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள், ஊரே பற்றி எரியும்போது இதெல்லாம் தேவைதானா என்று கேட்டிருந்தீர்கள். இதுவும் ஒருவகைப் பிரச்சாரம்தானே என்ற சந்தேகத்தையும் எழுப்பியிருந்தீர்கள். கடைசியில், படிப்பதென்றால் எங்கிருந்து தொடங்கலாம் என்று ஆர்வத்தோடு ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுத என்னைத் தூண்டியது.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு பாட்டிலிருந்து தொடங்குகிறேன். டிசம்பர் மாதம் வந்தால் துணிக்கடைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் ‘கேரல் ஆஃப் தி பெல்ஸ்’ மெட்டு ஒலிக்கும். நான்கே சுரங்கள் திரும்பத் திரும்ப வந்து, மெல்லத் தொடங்கி, பெரிய ஆரவாரமாக எழுந்து அடங்கும் மெட்டு. ‘ஹோம் அலோன்’ படத்தில் கேட்டவர்களும் உண்டு. அமெரிக்கக் கிறிஸ்துமஸ் பாட்டு என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது உக்ரைன் கிராமங்களில் புத்தாண்டுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் நாட்டுப்பாடல். வீட்டுக்குள் பறந்து வரும் தகைவிலான் குருவி, வரப்போகும் ஆண்டின் செழிப்பைச் சொல்லும் பாட்டு. ‘ஷெட்ரிக்’ என்பது அதன் பெயர். மிகோலா லெயொந்தோவிச் என்ற இசையமைப்பாளர் அதைச் சேர்ந்திசையாக அமைத்தார். 1916இல் கீவ் நகரில் முதன்முதலாகப் பாடப்பட்டது.

1919இல் உக்ரைன் மக்கள் குடியரசு என்ற இளம் நாடு, தன்னை உலகம் அங்கீகரிக்க வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தது. அதன் தலைவர் சிமோன் பெத்லியூரா, ஒலெக்சாந்தர் கோஷிட்ஸ் தலைமையில் ஒரு பாடகர் குழுவை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். படை பின்வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் பாடகர்களை அனுப்பினார் என்பதைக் கவனியுங்கள். அந்தக் குழு பிராகில் பாடியது, பாரிஸில் பாடியது, 1922 அக்டோபரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கிலும் பாடியது. அதற்குள் அனுப்பிய நாடே இல்லாமல் போய்விட்டது. லெயொந்தோவிச்சை 1921 ஜனவரியில் சோவியத் ரகசியப் போலீஸ் ஆள் ஒருவன் அவர் பெற்றோர் வீட்டிலேயே வைத்துச் சுட்டுக் கொன்றான். 1936இல் பீட்டர் வில்ஹவுஸ்கி என்ற அமெரிக்க இசைக்கலைஞர் அதே மெட்டுக்கு மணியோசை பற்றிய ஆங்கில வரிகளை எழுதினார். குருவி போய் மணி வந்தது. பாட்டு உலகம் முழுவதும் பரவியது. யாருடைய பாட்டு என்பது மட்டும் பரவவில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். ஒரு படைப்பு எல்லை கடந்து போய்ச் சேர்வது பாதி வேலை. யாருடையது, எந்த மண்ணில் பிறந்தது என்ற அடையாளத்தோடு போய்ச் சேர்வது மீதிப் பாதி. உக்ரைன் கலைஞர்கள் இன்று படும் பாடெல்லாம் அந்த மீதிப் பாதிக்காகத்தான்.

எல்லை தாண்டிப் பிழைப்பது அந்த இலக்கியத்துக்குப் புதிதல்ல. 1876இல் ஜார் மன்னன் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியின் எம்ஸ் என்ற ஊரில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆணையில் கையெழுத்திட்டான். உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடக் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது, நாடகம் போடக் கூடாது, இசைத்தாளில் பாட்டு வரிகளைக்கூட அச்சிடக் கூடாது. கீவிலும் பொல்தாவாவிலும் எழுதியவர்கள் தங்கள் கைப்பிரதிகளை எல்லைக்கு அப்பால், அன்று ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த லிவிவ் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே அச்சானவை திரும்பிக் கள்ளத்தனமாக உள்ளே வந்தன. ஒரு தலைமுறைக்கு அந்த இலக்கியம் இப்படித்தான் மூச்சு விட்டது.

அடுத்த அடி சோவியத் காலத்தில் விழுந்தது. 1920களின் கடைசியில், அப்போதைய தலைநகரான கார்கிவில், எழுத்தாளர்களுக்கென்றே ஸ்லோவோ இல்லம் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டினார்கள். 66 வீடுகள். நாடக இயக்குநர், நாவலாசிரியர், கவிஞர் என்று நாட்டின் பெரும் படைப்பாளிகள் ஒரே கூரையின் கீழ் குடியேறினார்கள். சில ஆண்டுகளில் ரகசியப் போலீசார் ஒவ்வொரு கதவாகத் தட்டி அழைத்துப் போனார்கள். நாவலாசிரியர் மிகோலா ஹ்விலோவி 1933 மே மாதம் அந்த வீட்டிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டார். 1937 நவம்பர் 3 அன்று, ரஷ்யாவின் வடக்கே சந்தர்மோக் காட்டில், இயக்குநர் லெஸ் குர்பாஸ், நாடகாசிரியர் மிகோலா குலிஷ், கவிஞர் மிகோலா ஸெரோவ், நாவலாசிரியர் வலேரியன் பிட்மொஹில்னி ஆகியோர் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் புத்தகங்கள் நூலகங்களிலிருந்து அகற்றப்பட்டன.

அந்தத் தலைமுறையை மறதியிலிருந்து மீட்டது, வெளிநாட்டில் அச்சான ஒரு புத்தகம். புலம்பெயர்ந்த விமர்சகர் யூரி லாவ்ரினென்கோ அவர்களுடைய படைப்புகளைத் தேடித் தொகுத்தார். பாரிஸில் போலந்து மொழி இதழ் ஒன்றை நடத்திவந்த யெர்ஜி கெத்ரோய்ட்ஸ் 1959இல் அதை வெளியிட்டார். சுட்டுக் கொல்லப்பட்ட மறுமலர்ச்சி என்று தலைப்பு வைத்தவரும் அவரே. இன்று அந்தத் தலைமுறையை உக்ரைன் மக்கள் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். போலந்துக்காரர்களுக்கும் உக்ரைனியர்களுக்கும் இடையே ஆறாத பழம்பகை இருந்த காலம் அது. அப்படியிருந்தும் ஒரு போலந்துப் பதிப்பாளர் அதைச் செய்தார். ஓர் இலக்கியத்துக்கு வெளிநாட்டு வாசகர் என்ன செய்ய முடியும் என்று யாராவது கேட்டால் நான் இந்தப் புத்தகத்தைச் சொல்வேன்.

நமக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழில் அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தகக் கடைகளில் சொற்ப விலைக்கு வாங்கிப் படித்த தலைமுறைகள் உண்டு. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், அந்த அச்சு மை வாசனை. எத்தனையோ பேருடைய வாசிப்பு அங்கேதான் தொடங்கியது. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. ‘வீரம் விளைந்தது’ நாவலை நினைத்துப் பாருங்கள். பாவெல் கர்ச்சாகின் வளரும் ஷெபெதோவ்கா உக்ரைனில் இருக்கிறது. கொட்டும் பனியில், கிழிந்த காலணியோடு, நகரத்துக்கு விறகு கொண்டுவர இளைஞர்கள் குறுகிய ரயில் பாதை போடுகிறார்களே, அந்த போயார்கா கீவுக்குப் பக்கத்து ஊர். நாவலை எழுதிய நிகலாய் ஒஸ்திரோவ்ஸ்கி பிறந்த விலியா கிராமமும் இன்றைய உக்ரைனில்தான் இருக்கிறது. நாம் மேல்கோட்டுக் கதையால் அறிந்த கோகல், பொல்தாவா பகுதியின் சொரோச்சிந்த்ஸியில் பிறந்து, அந்தக் கிராமங்களின் பேய்க்கதைகளையும் திருவிழாக்களையும் எழுதித்தான் முதலில் பெயர் பெற்றார். இருவரும் ரஷ்ய மொழியில் எழுதினார்கள், ரஷ்ய இலக்கியத்துக்கு உரியவர்கள் என்பதில் மாற்றுக் கருத்து வேண்டியதில்லை. ஆனால் அந்த நிலமும் மனிதர்களும் நம்மிடம் வந்தபோது ‘ருஷ்யா’ என்ற ஒரே பெயரில் வந்தார்கள். உக்ரைனிய மொழியிலேயே எழுதியவர்களோ பெரும்பாலும் வரவேயில்லை. வருவதையும் வராததையும் முடிவு செய்த இடம் மாஸ்கோ.

இந்தப் பின்னணியில் விக்டோரியா அமெலினாவின் கதையைக் கேளுங்கள். 1986இல் லிவிவில் பிறந்தவர். கணினித் துறை வேலையை விட்டுவிட்டு எழுத வந்தார். அவருடைய இரண்டாவது நாவல், லிவிவில் ஒரு பழைய வீட்டில் குடியிருக்கும் சோவியத் ராணுவக் குடும்பத்தை அந்த வீட்டு நாயின் வாயால் சொல்கிறது. போலந்தின் அறிவியல் புனைகதை மேதை ஸ்தானிஸ்வாஃப் லெம் சிறுவயதில் வாழ்ந்த வீடு அது. 2021இல் அமெலினா, கிழக்கே 2014 முதலே போர் நடந்துவந்த டோனெட்ஸ்க் பகுதியில், போர்முனைக்கு அருகே இருந்த சிற்றூர் ஒன்றில் இலக்கிய விழா தொடங்கினார். அந்த ஊரின் பெயரும் நியூயார்க். வெளி எழுத்தாளர்கள் அங்கே போய்ப் பிள்ளைகளோடு பேசினார்கள். 2024இல் ரஷ்யப் படை அந்த ஊரைப் பிடித்துவிட்டது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்து முழுப் போர் மூண்டதும் அமெலினா நாவலை நிறுத்திவிட்டு, போர்க்குற்றங்களைப் பதிவு செய்யும் பயிற்சி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். இஸியும் நகருக்கு அருகே கபிதோலிவ்கா கிராமத்தில் வொலோதிமிர் வகுலென்கோ என்ற குழந்தை இலக்கிய எழுத்தாளர் இருந்தார். ரஷ்ய ஆக்கிரமிப்பின்போது நாட்குறிப்பு எழுதி, தோட்டத்தில் செர்ரி மரத்தடியில் புதைத்துவைத்தார். 2022 மார்ச்சில் அவரைப் பிடித்துப் போனார்கள். அந்தப் பகுதி மீட்கப்பட்ட பிறகு, செப்டம்பரில், அமெலினா அவருடைய தந்தையோடு சேர்ந்து தோண்டி அந்த நாட்குறிப்பை எடுத்தார். வகுலென்கோ கொல்லப்பட்டுவிட்டார் என்பது நவம்பரில் மரபணுச் சோதனையில் உறுதியானது. நாட்குறிப்பு கார்கிவ் இலக்கிய அருங்காட்சியகத்துக்குப் போனது, 2023இல் புத்தகமாக வந்தது. ஜூன் மாதம் கீவ் புத்தகத் திருவிழாவில் அமெலினாவே அதை அறிமுகம் செய்தார்.

அதே மாதம் 27ஆம் தேதி, கொலம்பியாவிலிருந்து வந்திருந்த எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளருக்கும் கிழக்குப் பகுதியைக் காட்டுவதற்காக அவர்களோடு கிராமதோர்ஸ்க் போயிருந்தார். நாவலாசிரியர் எக்தோர் அபாத் அந்தக் குழுவில் இருந்தார். இரவு உணவுக்கு உட்கார்ந்திருந்த பிட்சா கடைமீது ரஷ்ய ஏவுகணை விழுந்தது. 13 பேர் மாண்டார்கள். தலையில் படுகாயம்பட்ட அமெலினா ஜூலை 1 அன்று இறந்தார். வயது 37. பாரிஸில் ஓராண்டு தங்கி எழுதும் வாய்ப்பு அவருக்குக் காத்திருந்தது. அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற புத்தகம், போரைப் பதிவு செய்யும் பெண்களைப் பற்றியது. நண்பர்கள் கைப்பிரதியையும் குறிப்புகளையும் ஒழுங்குபடுத்தினார்கள். மார்கரெட் ஆட்வுட் முன்னுரையோடு 2025இல் ஆங்கிலத்தில் வெளியாகி, அரசியல் எழுத்துக்கான ஆர்வெல் பரிசு பெற்றது.

ஊர் எரியும்போது இது தேவையா என்ற உங்கள் கேள்விக்கு என்னால் தர முடிந்த நேரான பதில் இந்தப் பெண்ணின் வாழ்க்கைதான். சுட்டுக் கொல்லப்பட்ட மறுமலர்ச்சி மறுபடி நடந்துவிடுமோ என்ற அச்சம் அவரிடம் இருந்தது. அதனால்தான் செத்தவரின் நாட்குறிப்பை மண்ணிலிருந்து எடுத்தார். அதனால்தான் தொலைதூர நாட்டு எழுத்தாளர்களைப் போர்முனைவரை அழைத்துவந்தார். வெளியே யாரோ ஒருவர் அறிந்திருந்தால்தான் உள்ளே அழிக்கப்பட்டது முழுதாக அழியாது என்பது அவர்கள் 150 ஆண்டு அனுபவத்தில் கற்றுக்கொண்ட பாடம்.

ஓவியமும் சிற்பமும் இதே வழியில்தான் வெளியே வருகின்றன. 2022 வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியில் உக்ரைன் அரங்கத்துக்குக் கார்கிவ் ஓவியர் பாவ்லோ மாகோவின் படைப்பு தேர்வாகியிருந்தது. 78 வெண்கலப் புனல்களை முக்கோண வடிவில் அடுக்கி, மேலிருந்து நீர் விடுவார்கள். ஒவ்வொரு புனலிலும் நீர் இரண்டாகப் பிரியும். கீழே வந்து சேரும்போது சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும். 1990களின் கார்கிவில் நகரமும் மனிதர்களும் சோர்ந்துபோயிருந்த காலத்தில் தோன்றிய கருத்து அது. பிப்ரவரி 24 அன்று குண்டு விழத் தொடங்கியதும் கண்காட்சிப் பொறுப்பாளர்களில் ஒருவரான மரியா லாங்கோ புனல்களைப் பெட்டிகளில் அடுக்கித் தன் காரில் ஏற்றிக்கொண்டு அன்று மாலையே கீவிலிருந்து கிளம்பினார். ஏப்ரலில் வெனிஸில் அந்தப் படைப்பு நின்றது, நீர் சொட்டியது.

அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு பயணம். கீவின் தேசியக் கலை அருங்காட்சியகத்திலிருந்து 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தின் ஓவியங்கள் 50க்கும் மேல் ரகசியமாக லாரிகளில் ஏறின. அவை புறப்பட்ட நவம்பர் 15, அந்தப் போரின் மிகப் பெரிய ஏவுகணைத் தாக்குதல்களில் ஒன்று நடந்த நாள். அன்று எல்லைக்கு அப்பால் போலந்துக் கிராமம் ஒன்றிலும் ஏவுகணை விழுந்து இருவர் இறந்தார்கள். அதைத் தாண்டித்தான் ஓவியங்கள் மாட்ரிட் போய்ச் சேர்ந்தன. மாத இறுதியில் கண்காட்சி திறந்தது. பிறகு கொலோன், பிரஸ்ஸல்ஸ், வியன்னா, லண்டன். ஒலெக்சாந்தர் போகொமாஸோவ், அலெக்சாந்திரா எக்ஸ்டர், வாசில் யெர்மிலோவ் போன்றவர்களை அதுவரை உலக அருங்காட்சியகங்கள் ரஷ்ய நவீனக் கலை என்ற தலைப்பின் கீழேயே வைத்திருந்தன. அந்தக் கண்காட்சிக்குப் பிறகு அப்படி எழுதுவது எளிதல்ல.

இவை தப்பி வந்தவை. தப்பாதவையும் உண்டு. டோனெட்ஸ்க் நகரில், பழைய தொழிற்சாலை ஒன்றில், 2010இல் இஸொல்யாத்ஸியா என்ற கலை மையம் தொடங்கினார்கள். 2014 ஜூனில் ரஷ்ய ஆதரவு ஆயுதக்குழுவினர் அதைக் கைப்பற்றி, சித்திரவதை நடக்கும் சிறையாக்கினார்கள். அங்கே அடைபட்டவர்களில் ஸ்தனிஸ்லாவ் அசேயெவ் என்ற எழுத்தாளரும் ஒருவர். 2019 டிசம்பரில் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்து அந்த இடத்தைப் பற்றி எழுதினார், அந்த நூல் பல மொழிகளுக்குப் போயிருக்கிறது. 2024 மே 23 அன்று கார்கிவில் நாட்டின் மிகப் பெரிய அச்சகங்களில் ஒன்றான ஃபக்தோர் த்ருக் மீது ஏவுகணைகள் விழுந்தன. வேலை செய்துகொண்டிருந்த 7 பேர் இறந்தார்கள். சுமார் 50,000 புத்தகங்கள் எரிந்தன. அடுத்த வாரமே கீவ் புத்தகத் திருவிழாவில் கருகிய புத்தகங்களைப் பார்வைக்கு வைத்தார்கள். மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள், பக்கத்து அரங்குகளில் புதிய புத்தகங்களை வாங்கினார்கள்.

இனி பிரச்சாரம் என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். இதில் அரசு இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் 2017இல் உக்ரைன் நிறுவனம் உருவானது. அதற்கு முன்பே 2016இல் உக்ரைன் புத்தக நிறுவனம் தொடங்கப்பட்டது. வெளிநாட்டுப் பதிப்பகங்கள் உக்ரைனிய நூல்களை மொழிபெயர்க்க உதவித்தொகை தரும் திட்டத்தை அது 2020இல் தொடங்கியது. பிரிட்டனும் ஜெர்மனியும் பிரான்ஸும் எவ்வளவோ காலமாக இதையே செய்கின்றன. மாஸ்கோ நம் மொழியில் மலிவு விலைக்குப் புத்தகம் தந்ததும் இந்த வகைதான். பணம் யார் தருகிறார் என்று பாருங்கள், தவறில்லை. அதோடு, எழுதியவர் தன் நாட்டுக்குச் சங்கடமானதை எழுதத் தயங்கினாரா என்றும் பாருங்கள்.

செர்ஹி ஜதானின் ‘அனாதை விடுதி’ நாவலைச் சொல்கிறேன். 2015 ஜனவரி. பாஷா என்ற பள்ளி ஆசிரியர். உக்ரைனிய மொழி கற்பிப்பவர், வீட்டில் பேசுவது ரஷ்யன். எந்தப் பக்கமும் சேராமல், எதிலும் தலையிடாமல், செய்தியைக்கூடக் கேட்காமல் காலத்தைத் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர். நகரத்தின் மறுபுறம் விடுதியில் இருக்கும் சகோதரி மகனை அழைத்துவரக் கிளம்புகிறார். மூன்று நாள். முனை எங்கே நகர்ந்தது என்று யாருக்கும் தெரியாத சேறும் மூடுபனியுமான நகரம், பேருந்து நிலையத்தில் அடைந்து கிடக்கும் பெண்கள், ரத்தம் தோய்ந்த சிப்பாய்கள், அநாதையான நாய்கள். வழியெல்லாம் ஜதான் பாஷாவை விடாமல் கேள்வி கேட்கிறார். இவ்வளவு நாள் நீ எங்கே இருந்தாய்? கொடி பிடித்து ஆட்டும் எழுத்து இப்படிக் கேட்காது. ஜதான் லுகான்ஸ்க் பகுதியில் 1974இல் பிறந்து கார்கிவில் வாழ்பவர். ராக் இசைக்குழு ஒன்றில் பாடவும் செய்கிறார். 2022இல் ஜெர்மன் பதிப்பாளர்களின் அமைதிப் பரிசைப் பிராங்க்ஃபர்ட்டில் பெற்றுக்கொண்டார். 2024இல் தேசியக் காவல்படையின் படைப்பிரிவில் சேர்ந்துவிட்டார்.

ஆந்த்ரேய் குர்கோவின் ‘சாம்பல் தேனீக்கள்’ இன்னொரு குரல். இரு படைகளுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத பகுதியில் ஒரு கிராமம். எல்லோரும் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் இரண்டே பேர், சிறுவயதிலிருந்து ஒருவரையொருவர் பிடிக்காதவர்கள். அவர்களில் ஒருவரான செர்கெய் செர்கெயிச் தேனீ வளர்ப்பவர். குண்டுச் சத்தத்தில் தேனீக்கள் தவிக்கும் என்று, வசந்தம் வந்ததும் ஆறு தேன்பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பூக்கள் இருக்கும் இடம் தேடிப் புறப்படுகிறார். போகும் இடமெல்லாம் டோனெட்ஸ்க்காரன் என்று சந்தேகப் பார்வை. கடைசியில் கிரைமியாவில் தாத்தார் குடும்பமொன்றின் துயரத்துக்குள் போய்ச் சேர்கிறார். குர்கோவ் ரஷ்ய வம்சாவளியினர், நாவல்களை ரஷ்ய மொழியில் எழுதுபவர், கீவ்வாசி, உக்ரைனிய எழுத்தாளர். டோனெட்ஸ்க்கிலிருந்து 2014இல் வெளியேறிய வொலோதிமிர் ரஃபெயென்கோவோ ரஷ்ய மொழி நாவலாசிரியராக இருந்து, நடுவயதில் உக்ரைனிய மொழியைக் கற்று அதிலேயே அடுத்த நாவலை எழுதினார். மொழி, இனம், நாடு என்ற மூன்றும் அங்கே எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதைச் செய்தித்தாள் சொல்லாது, இந்த நாவல்கள் சொல்லும்.

இங்கே ஒரு வேண்டுகோள். உக்ரைன் என்றால் போர், போர் என்றால் கண்ணீர் என்று மட்டும் படித்துவிடாதீர்கள். வெளிநாட்டு மேடைகள் அந்த எழுத்தாளர்களிடம் போரை மட்டுமே கேட்கின்றன. அனுதாபம் தீர்ந்ததும் அழைப்பும் நின்றுவிடும். அப்படி நடந்தால் அடையாளம் வந்து சேர்ந்தும் ஆள் வந்து சேராத கதையாகிவிடும். அந்த இலக்கியத்தில் சிரிப்பு நிறைய இருக்கிறது. யூரி அந்த்ருகோவிச்சின் ‘மாஸ்கோவியாத்’, சோவியத் ஒன்றியம் சரியும் நாட்களில் மாஸ்கோ விடுதியில் தங்கியிருக்கும் உக்ரைனியக் கவிஞன் ஒருவன் ஒரே நாளில் போதையோடு அந்தப் பேரரசின் அடித்தளம்வரை இறங்கிப் போகும் கூத்து. அவருடைய மகள் சோஃபியா அந்த்ருகோவிச்சின் ‘ஃபீலிக்ஸ் ஆஸ்திரியா’, 1900இன் ஸ்தனிஸ்லாவிவ் நகரில் ஒரு பணிப்பெண்ணுக்கும் எஜமானிக்கும் இடையிலான பிரிக்க முடியாத, மூச்சுமுட்டும் உறவைச் சொல்கிறது, சமையல் மணம் பக்கத்துக்குப் பக்கம் எழுகிறது. ஒக்சானா ஸபுஷ்கோ 1996இல் வெளியிட்ட நாவல், பெண்ணின் உடலையும் உறவையும் வெளிப்படையாகப் பேசி நாட்டையே அதிரவைத்தது. ஜதானின் ‘வொரோஷிலோவ்கிராத்’தில் காணாமல்போன அண்ணனின் பெட்ரோல் பங்கைக் காக்க ஊர் திரும்பும் இளைஞனும் அவன் பழைய கால்பந்துத் தோழர்களும் வருகிறார்கள்.

கவிதை படிப்பவரென்றால் லியூபா யாகிம்சுக். லுகான்ஸ்க் பகுதிச் சுரங்க ஊரில் வளர்ந்தவர், 2022 கிராமி விருது விழா மேடையில் தன் கவிதையை வாசித்தவர். மக்சிம் கிரிவ்த்சோவ் என்ற இளைஞரின் முதல் கவிதைத் தொகுதி 2023 இறுதியில் வந்தது. 2024 ஜனவரி 7 அன்று போர்முனையில் இறந்துபோனார். அவருடைய இரண்டாவது தொகுதியை நாம் படிக்கப்போவதில்லை. இசைக்குத் தாக்காபிராக்கா. கீவின் தாக் நாடக அரங்கில் 2004இல் தோன்றிய நால்வர் குழு. கிராமத்துப் பெண்களின் குரல்முறையோடு இந்திய, அரபு, ஆப்பிரிக்கத் தாளங்களையும் கலப்பவர்கள். நம் காதுக்கு உடனே பிடித்துவிடும். படம் பார்க்கும் மனத்திடம் இருந்தால் மிஸ்திஸ்லாவ் செர்னோவின் ‘மரியுபோலில் 20 நாட்கள்’. 2024இல் ஆஸ்கர் பெற்றது, உக்ரைனுக்கு வந்த முதல் ஆஸ்கர். இந்தப் படத்தை எடுக்க நேராமலே இருந்திருக்கக் கூடாதா என்று அவர் அந்த மேடையிலேயே வருந்தினார்.

நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. மேலே சொன்ன நாவல்களில் பல ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. உங்கள் ஊர் நூலகத்தில் இரண்டு தலைப்புகளையாவது வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். உங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு மாதத்தை இதற்கு ஒதுக்குங்கள். ‘வீரம் விளைந்தது’ படித்த மூத்தவர்களையும் அழைத்து, அதோடு ‘அனாதை விடுதி’யைச் சேர்த்துப் பேசுங்கள். ஒரே நிலத்தின் இரண்டு காலம், இரண்டு மொழி, இரண்டு பார்வை. அவர்களுக்கு அது தங்கள் இளமைக்காலப் புத்தகத்தை மறுபடி படிப்பதாகவும் இருக்கும். மொழிபெயர்க்கும் நண்பர்கள் இருந்தால் சிறுகதையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பதிப்பகம் நடத்துபவர்களிடம், உக்ரைன் புத்தக நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கார்கிவிலும் வின்னித்சியாவிலும் ஒடேசாவிலும் மருத்துவம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். 2022இல் மெட்ரோ நிலையங்களில் அந்த ஊர் மக்களோடு சேர்ந்து பதுங்கியிருந்துவிட்டு, பனியில் எல்லைவரை நடந்து ஊர் திரும்பியவர்கள் இவர்கள். அந்தத் தெருக்களில் நடந்தவர்கள், அந்த மொழி காதில் விழ வாழ்ந்தவர்கள், அந்த வீட்டுப் பாட்டிகள் தந்த சூப்பைக் குடித்தவர்கள். ஆங்கிலத்தின் வழியே மொழிபெயர்க்கும் ஒருவருக்கு ஊர்ப்பெயரை எப்படி உச்சரிப்பது, ஒரு சடங்கு எப்படி நடக்கும், ஒரு கேலி எங்கே வலிக்கும் என்று அவர்களைத் தவிர இங்கே யார் சொல்ல முடியும்? உங்கள் பக்கத்து மருத்துவமனையிலேயே ஒருவர் இருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

1919இல் கோஷிட்ஸ் குழு பாடியபோது கேட்டவர்கள் கைதட்டினார்கள், மெட்டை எடுத்துக்கொண்டார்கள், நாட்டை மறந்தார்கள். இந்த முறை கேட்பவர்களில் நாமும் இருக்கிறோம். அதனால் ‘சாம்பல் தேனீக்க’ளிலிருந்து தொடங்குங்கள், எளிதாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்து ‘அனாதை விடுதி’. முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பிடிக்காத இடங்களைத்தான் முதலில் எழுதுங்கள், அதிலிருந்து பேசுவோம். எழுதும்போது நாவலாசிரியரின் பெயரையும் அவருடைய ஊரையும் சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்